மம்சார் பூங்காவில் நான் மடித்த இலை

விடுமுறை நாளில் தூங்காதவனை நான் ஒரு காலத்தில் மனிதக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. வாரம் முழுக்க ஏணி மேல் நின்று அடுத்தவர் வீட்டு ஏசிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு ஞாயிற்றுக்கிழமை எதற்கு? தூங்குவதற்கு. எழுந்து கோழிக்குழம்பு சாப்பிடுவதற்கு. சாப்பிட்ட களைப்பில் மறுபடி படுப்பதற்கு. நடுவில் ஊருக்கு வீடியோ கால் போட்டு, "மூச்சு விட நேரமில்ல" என்று சலித்துக்கொள்வதற்கு. (தலையணை கேமராவில் தெரியக்கூடாது. இது முக்கியம்.)

துபாயில், அல் குசைஸில் இருந்த எங்கள் ரூமில் எல்லோருக்கும் இதே கொள்கைதான். கொள்கையின் தலைவர் சேவியர் அண்ணன். தூத்துக்குடிக்காரர், ரூமில் மூத்தவர், குழம்பு அவர் பொறுப்பு. வந்து வருஷக்கணக்காகியும் அவர் இங்கே கடலைப் பார்த்ததில்லை. கேட்டால், "ஊர்ல பாக்காத கடலா மக்கா? அதே தண்ணி, அதே உப்பு" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வார்.

இந்தக் கொள்கைக்கு உலை வைக்க வந்தவன் ரோடெல்.

ரோடெல் பிலிப்பைன்ஸ்காரன். எங்கள் மெயின்டனன்ஸ் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஊரில் என் பெயர் பால்ராஜ். அது அவனுக்கு நீளமாகப் பட்டதால் பால் என்பதோடு நிறுத்திக்கொண்டான். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது, இலக்கணத்தைக் கழற்றி வைத்துவிட்ட ஓர் ஆங்கிலம். மாட்டிக்கொண்டால் கொஞ்சம் ஹிந்தி. நாங்கள் பேசியதை இங்கே தமிழில் தருகிறேன். அது அவன் ஆங்கிலத்துக்கு நல்லது. என் ஆங்கிலத்துக்கு அதைவிட நல்லது.

திங்கட்கிழமை காலையில் கம்பெனி பஸ்ஸில் நான் தூங்கலாம் என்று சாயும்போது பக்கத்தில் வந்து உட்காருவான். முந்தின நாள் எதையாவது கண்டுபிடித்திருப்பான்.

"பால், சிட்டிக்கு நடுவுல ஒரு சதுப்பு நிலம் இருக்கு. பூநாரை கூட்டம் கூட்டமா நிக்குது. பாக்குறதுக்கு பைனாகுலர்கூட அவங்களே வச்சிருக்காங்க. டிக்கெட்டே கிடையாது!"

"சரி, பாத்துட்டு?"

"பாத்துட்டு என்ன? பாத்தேன்."

இன்னொரு வாரம் மீன் மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்காமல் திரும்பியிருந்தான். சும்மா வேடிக்கை பார்க்கப் போனானாம். அதற்கடுத்த வாரம் ஊருக்கு நடுவே ஓடும் கடற்கழியான க்ரீக்கில் படகேறி அக்கரைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த படகில் இக்கரைக்கு வந்திருந்தான். அக்கரையில் என்ன வேலை என்றேன். டீ குடிக்கிற வேலை என்றான். இக்கரையில் டீ இல்லையா என்றேன். அவன் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். ஒருமுறை ஒரு பெரிய மாலில், கண்ணாடிக்கு வெளியே நின்றபடி ஐஸ் தரையில் சறுக்கி விழுகிறவர்களை மத்தியானம் முழுக்கப் பார்த்திருக்கிறான். "விழறவங்க எல்லாரும் சிரிக்கிறாங்க பால், அதைப் பாக்கணும்" என்றான். நான் அந்த நேரம் குறட்டை விட்டுக்கொண்டிருந்ததை நினைத்து உள்ளூர நிம்மதி அடைந்தேன்.

இதற்கெல்லாம் அவனிடம் தனி ஆயுதங்கள் உண்டு. ஒரு பிளாஸ்க், ஒரு மடக்கு நாற்காலி, நாலைந்து தொப்பிகள். பிறகு, ஊருக்கே திரும்பிப் போன ஒரு குடும்பத்திடமிருந்து வாங்கிய ஒரு நீளமான மடக்கு மேசை. நடுவில் இரண்டாக மடித்து பெட்டிபோல் கையில் தூக்கிக்கொண்டு போகலாம். அதன் கொக்கி கொஞ்சம் லூஸ். இதை அப்போதே யாராவது சரிசெய்திருக்கலாம். ஸ்டோரில் ஸ்க்ரூடிரைவர் இல்லாமலா இருந்தது?

அந்தப் பூநாரைகள் சும்மா நிற்கவில்லை என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. ரோடெல் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல் நின்ற ஒரு நாளில், பின்னால் காத்திருந்த ஒரு பெண், "முடிச்சுட்டீங்களா, இல்ல குடும்பம் நடத்தப் போறீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அவள்தான் ஜாய். பல் கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட். அதன்பின் மீன் மார்க்கெட்டுக்கு இருவராகப் போய் மீன் வாங்காமல் வந்தார்கள்.

குறுக்கே நின்றவர் ஜாயின் அக்கா தெஸ். பிலிப்பைன்ஸ்காரர்கள் அக்காவை 'ஆத்தே' என்று கூப்பிடுவார்கள். (நம்மூரில் பெண்கள் பதறினால் வாயில் வருவது. அந்த அம்மாவை நேரில் பார்த்தபின், நம்மூர் அர்த்தத்திலும் தப்பில்லை என்று தோன்றியது.) ஆத்தே தெஸ் அபுதாபியில் நர்ஸ். ஜாயைப் படிக்க வைத்தது, விசா எடுத்துக் கூட்டி வந்தது எல்லாம் அவர்தான். அக்கா தலையசைக்காமல் கல்யாணம் இல்லை என்று ஜாய் தெளிவாகச் சொல்லிவிட்டாள். ரோடெல்லைப் பற்றிக் கேள்விப்பட்ட அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: "லீவு நாள்ல வீட்ல இருக்கத் தெரியாதவன், கல்யாணத்துக்கு அப்புறம் மட்டும் இருப்பானா?"

நியாயமான கேள்வி. எங்கள் ரூமில் இதை நான் சொன்னபோது சேவியர் அண்ணன், "அந்தப் பொம்பள விவரம் தெரிஞ்சவ" என்று பாராட்டினார்.

ரோடெல் சளைக்கவில்லை. ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை ஆத்தே தெஸ்ஸை மம்சார் கடற்கரைப் பூங்காவுக்கு விருந்துக்கு அழைத்தான். தன் ஊர்சுற்றல் எப்படிப்பட்டது என்று அவரே வந்து பார்க்கட்டும் என்பது திட்டம். எனக்கு அழைப்பு பஸ்ஸில் கிடைத்தது.

"பால், நீ கண்டிப்பா வரணும். எனக்கும் ஒரு ஒழுங்கான ஃப்ரெண்ட் இருக்கான்னு ஆத்தேக்குத் தெரியணும். உன்னைப் பாத்தாலே தூங்கி எந்திரிச்ச நல்ல பையன் மாதிரி இருக்கும்."

"நான் வந்து என்ன செய்ய?"

"வாழையிலைல சாப்பாடு போடுறோம். எங்க ஊர்ல அது பெரிய மரியாதை."

"ஏய், எங்க ஊர்லயும் அதேதான்டா!"

"அப்ப இலை உன் பொறுப்பு."

என் நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. வாழையிலையைப் பற்றி எனக்கு ஒருத்தன் சொல்லித் தர வேண்டுமா? வள்ளியூர்ப் பக்கம் எத்தனை கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருக்கிறேன். நுனி எந்தப் பக்கம், உப்பு எங்கே, பாயசத்துக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன எல்லாம் அத்துப்படி. அவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று நான் கேட்கவில்லை. நாங்கள் எப்படிச் சாப்பிடுவோம் என்று அவனும் கேட்கவில்லை. வாழையிலையில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

ஞாயிறு காலையில் நான் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையுடன் கிளம்புவதைப் பார்த்து சேவியர் அண்ணன் போர்வையை விலக்கினார்.

"ஏலே, எங்கல போற? உடம்பு சரியில்லயா?"

"பார்க்குக்குண்ணே. ஒருத்தன் கல்யாண விஷயம்."

"வெயில்ல கருகிராத. குழம்பு எடுத்து வைக்கவா?"

"வேண்டாம்ணே, அங்க விருந்து."

"எடுத்து வைக்கேன்" என்று மறுபடி படுத்துக்கொண்டார். அந்த மனிதருக்கு என்னமோ தெரிந்திருக்கிறது.

மலையாளி மளிகைக் கடையில் இலைக்கட்டை வாங்கிக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். ரோடெல் பிடித்து வைத்திருந்த இடத்தைப் பார்த்ததும் எனக்கே வாய் மூடவில்லை. ஒரு பெரிய மரம், எதிரே கடல், நல்ல காற்று. மத்தியானம் நிழல் எந்தப் பக்கம் நகரும் என்று தெரிந்துகொள்ளப் போன வாரமே வந்து நாற்காலி போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறான். நம்மூரில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் சுவருக்கு வெள்ளையடிப்போம். இவன் நிழலைப் பார்த்து வைத்திருக்கிறான். அவனுக்கு இந்தக் கல்யாணம் எவ்வளவு பெரிது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் மேசையைத் துடைத்து, இலைகளைக் கழுவி, நுனி இடப்பக்கம் பார்க்க ஆளுக்கொன்றாக வரிசையாகப் போட்டேன். ரோடெல் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ஏன் தனித்தனியா போட்டிருக்க? எல்லாத்தையும் சேத்துப் போடு. மேசை முழுக்க ஒரே இலை."

"ஒரே இலையா? எத்தனை பேர் சாப்பிடப் போறோம்?"

"எல்லாரும்தான். நடுவுல சோறு, மேல மீனு, கோழி, எறாலு. ரெண்டு பக்கமும் நின்னுக்கிட்டு கையால சாப்பிடுவோம். தட்டு கிடையாது, ஸ்பூன் கிடையாது. எல்லாரும் ஒரே குடும்பம்னு அர்த்தம்."

ஒரே இலையில் இத்தனை பேர் கையா? எச்சில் என்று ஒன்று இருக்கிறதே! எங்கள் வீட்டில் என் தம்ளரில் தம்பி வாய் வைத்துக் குடித்துவிட்டான் என்று நான் ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறேன். ஆனாலும் நண்பன் கல்யாணம். எச்சிலை விழுங்கிக்கொண்டேன்.

இலைகளைச் சேர்த்துப் போட்டதும் கடற்காற்று அதன் வேலையைக் காட்டியது. ஓரம் தூக்கியது, ஒரு இலை பறந்துபோய் ரோடெல் முகத்தில் அப்பியது. இங்கேதான் எனக்குள் இருந்த டெக்னீஷியன் விழித்துக்கொண்டான். ஏசி குழாய்களில் காற்றுக் கசியாமல் ஒட்டுவதற்கு அலுமினியம் டேப் என்று ஒன்று உண்டு. என் பையில் சோப்பு இல்லாமல் இருக்கலாம், அந்த டேப் இல்லாமல் இருக்காது. இலைகளைக் கவிழ்த்துப் போட்டு, ஈரம் துடைத்து, சேருமிடங்களிலெல்லாம் அடிப்பக்கமாக ஒட்டினேன். வேலையில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம், கொஞ்சம் கூடுதலாக ஒட்டுவது. திருப்பிப் போட்டபோது மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே இலை. உலகத்தில் எந்த வாழையும் அப்படி ஓர் இலை விட்டிருக்காது.

"பால், நீ ஜீனியஸ்!" என்றான் ரோடெல்.

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆத்தே தெஸ் பன்னிரண்டு மணி வாக்கில் வந்தார். வெள்ளை பேன்ட், வெள்ளை ஷூ. குள்ளமாக, நிமிர்ந்து, ஊசி போடப் போகிறவரின் முகத்தோடு இருந்தார். ஜாய் அவர் பின்னால் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பவள்போல் நின்றாள். ரோடெல்லின் நண்பர்கள் இரண்டு மூன்று பேர் கோழியும் மீனும் சுட்டுக்கொண்டிருந்தவர்கள், சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் என்ன பண்ணுவ?" என்றார் ஆத்தே, உட்காருவதற்கு முன்பே.

ஏதாவது சொல்லித் தொலையலாம். பைபிள் படிப்பேன் என்று சொல்லலாம். அந்தப் பைத்தியக்காரன், "காலைல சர்ச்ல மாஸுக்குப் போவேன் ஆத்தே. அப்புறம் ஊர் சுத்துவேன்" என்றான்.

ஜாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆனால் சாப்பாடு வந்ததும் காற்று திசை மாறியது. இலையின் நடுவில் நீளமாகச் சோற்றைக் குவித்தார்கள். அதன் மேல் சுட்ட கோழி, வயிற்றில் தக்காளியும் வெங்காயமும் அடைத்துச் சுட்ட முழு மீன்கள், எறால், அவித்த உப்பு முட்டை, மாங்காய்த் துண்டு. ஓரங்களில் சோயாவும் வினிகரும் மிளகாயும் கலந்த கிண்ணங்கள். ஜெபம் சொன்னார்கள். ஆமென் சொல்லி முடிப்பதற்குள் எல்லாக் கைகளும் சோற்றில் இருந்தன.

நான் ஆத்தேக்கு நேர் எதிரே. எனக்கென்று ஒரு பகுதியைப் பாத்தி கட்டி, அதற்குள் குழி பறித்து (குழம்பே இல்லாத சாப்பாட்டில் எதற்குக் குழி?) கண்ணியமாகச் சாப்பிட்டேன். ஆத்தே அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு பெரிய எறாலை உரித்து என் வரப்புக்குள் தள்ளினார். அவர்கள் வழக்கத்தில் அது அன்பாம். எனக்கு எச்சிலாவது கிச்சிலாவது என்று ஆகிவிட்டது. அப்படி ஒரு ருசி. மூக்கு முட்டச் சாப்பிட்டேன்.

"இந்த எடம் நல்லா இருக்கு" என்றார் ஆத்தே, யாரையும் பார்க்காமல். "நெழல் நகரவே இல்லையே."

ரோடெல்லின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நாலு பல் கூடுதலாக முளைத்த மாதிரி சிரித்தான். ஜாய் மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள், சந்தோஷத்தில்.

அப்போது ஆத்தே ஒரு டிஷ்யூவை எடுத்துக் கையைத் துடைத்தார். போட்டோ எடுப்பதற்காகத் துடைத்தார். அது எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம், பந்தியில் மூத்தவர் கையெடுத்துவிட்டார். வயிறும் நிறைந்துவிட்டது. அடுத்து என்ன? இலையை மடிக்க வேண்டும். அதிலும் எப்படி மடிக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. நல்ல காரியத்தில் இலையை நம்மைப் பார்த்துத்தான் மடிக்கணும், அப்போதுதான் உறவு நீடிக்கும். வெளிப்பக்கம் மடித்தால் அது துக்க வீடு. சின்ன வயதில் தெரியாமல் வெளிப்பக்கம் மடித்துவிட்டு, கல்யாணப் பந்தலிலேயே அத்தையிடம் மண்டையில் குட்டு வாங்கியவன் நான். இங்கே நடப்பது நண்பனின் கல்யாணப் பேச்சு. உறவு நீடிக்க வேண்டாமா? கண்டிப்பாக நீடிக்க வேண்டும்.

மனசார வாழ்த்திக்கொண்டே, இரண்டு கைகளையும் நீட்டி, ஆத்தே தெஸ்ஸின் விரலுக்குக் கீழே இருந்த இலை ஓரத்தைப் பிடித்து, என்னைப் பார்த்து மடித்தேன்.

ஊரில் மடித்தால் ஓர் இலை மடியும். இங்கே மேசை நீளத்துக்கும் இருந்தது ஒரே இலை. ஆத்தேயின் சோறு என் பக்கம் வந்தது. அவருக்கு இரண்டு பக்கமும் நின்றவர்களின் சோறும் கூடவே வந்தது. ஒரு கோழிக்கால் ஜாயின் தோளைத் தட்டிவிட்டுப் போனது. அந்த முனையில் நின்ற ரோடெல், "நோ! பால்! நோ!" என்று அலறியபடி தன் பக்கத்தைக் காப்பாற்ற இழுத்தான். நான் காற்றுதான் இழுக்கிறது என்று நினைத்து, டேப்பின் மேல் உள்ள நம்பிக்கையில், இன்னும் பலமாக இழுத்தேன். அந்த லூஸ் கொக்கி இதுவரை பொறுத்ததே பெரிது. டக் என்று ஒரு சத்தம். இலையைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுபோல் மேசையும் நடுவில் மடிந்தது. சோறு மொத்தமாகப் பள்ளத்தில் இறங்கியது. முழு மீன் ஒன்று உயிர் வந்த மாதிரி வழுக்கிக்கொண்டு போய், வினிகர் கிண்ணத்தையும் கூட்டிக்கொண்டு, ஆத்தேயின் வெள்ளை பேன்ட்டில் சேர்ந்தது.

டேப் மட்டும் விடவில்லை. அது நல்ல டேப்.

பூங்காவின் பூனைகளுக்குத்தான் முதலில் சுயநினைவு வந்தது. எங்கிருந்து வந்தன என்றே தெரியவில்லை, குடும்பம் குடும்பமாக வந்தன. நான் இலையின் ஓரத்தை இன்னும் இரண்டு கையாலும் பிடித்தபடி பேயறைந்தவன்போல் நின்றேன். விட்டால் அதுவும் தப்பாகிவிடுமோ என்று பயம்.

ஆத்தே தன் பேன்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ரோடெல்லிடம் திரும்பி அமைதியாகக் கேட்டார்.

"உன் ஃப்ரெண்டுக்கு ஏதாவது உடம்புக்கு முடியலையா?"

ஜாயின் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. சிரிக்கிற விஷயமா இது? அந்தப் பெண்ணுக்கு அது ஒரு மத்தியானச் சாப்பாடு இல்லை. என்னை ஒழுங்கான நண்பன் என்று காட்டத்தான் கூப்பிட்டான்; நான் அவன் வாழ்க்கையையே மடித்து வைத்துவிட்டேன். ரூமில் பேசாமல் படுத்திருந்திருக்கலாம். சேவியர் அண்ணன் எடுத்து வைத்த குழம்பு கண்ணுக்குள் வந்தது.

ரோடெல் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் மடிந்து கிடந்த மேசையைச் சுற்றி வந்து, என் கையிலிருந்து இலையை மெல்ல விடுவித்தான், அவ்வளவுதான். பிறகு ஆத்தேயிடம், "இப்பவே தண்ணில அலசினா கறை நிக்காது ஆத்தே. பீச் பக்கம் மூணாவது குழாய்லதான் தண்ணி வேகமா வரும். வாங்க" என்றான்.

அந்த மூன்றாவது குழாயில் ஆரம்பித்ததுதான் மற்றதெல்லாம். இரண்டு சிக்னல் தாண்டி ஒரு சந்துக்குள் சின்னத் துணிக்கடை இருப்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. நானும் மற்றவர்களும் பூனைகளோடு போராடி இடத்தைச் சுத்தம் செய்து முடிப்பதற்குள், ஆத்தே தெஸ் பச்சைக்கிளிகள் பறக்கும் தொளதொள பைஜாமா ஒன்றில் திரும்பி வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் கடுகடுப்பும் கொஞ்சம் குறைந்திருந்தது. கிளிப் படம் போட்டதை உடுத்திக்கொண்டு எவ்வளவு நேரம்தான் கடுகடுப்பது?

"பசிக்குதா?" என்று ரோடெல் கேட்டான். பாதிச் சாப்பாட்டில் பந்தி கலைந்ததால் என்னைத் தவிர எல்லோருக்கும் பசித்தது.

பக்கத்தில் ஒரு மலையாளி கஃபடேரியாவுக்குக் கூட்டிப்போனான். பொரொட்டாவும் மீன் பொரிச்சதும் சுடச்சுட வந்தன. கல்லாவில் இருந்தவர், "ரோடெல் பாய், இன்னைக்கு கடல் எப்படி?" என்று விசாரித்தார். பொரொட்டா தின்றே வளர்ந்த எனக்கு, என் ரூமிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இப்படி ஒரு கடை இருப்பதை ஒரு பிலிப்பைன்ஸ்காரன் வந்து காட்ட வேண்டியிருந்தது. நான் வெட்கத்தில் இரண்டு மட்டும் சாப்பிட்டேன்.

அங்கிருந்து பஸ். பஸ்ஸில் கடல் தெரியும் பக்கத்து ஜன்னலை ஆத்தேக்குப் பிடித்துக் கொடுத்தான். சாயங்காலம் க்ரீக்கில் படகேறினோம். தண்ணீர் மேல் வெயில் சாய்ந்து, காற்று சில்லென்று அடித்தது. ஆத்தே கை நீட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நான் இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருஷம் ஆச்சு. இதுல ஏறினதே இல்ல" என்றார்.

"ஏன் ஆத்தே?" என்றான் ரோடெல்.

"லீவு நாள்ல தூங்குவேன்."

எனக்கு அந்த அம்மாவின் மேல் சட்டென்று ஒரு பாசம் வந்துவிட்டது. நம் கட்சி! அந்தத் தைரியத்தில் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பி, "அதெல்லாம் சரி. எதுக்கு அப்படிப் பண்ணின? எனக்குத் தெரிஞ்சே ஆகணும்" என்றார்.

சொன்னேன். பந்தி, மூத்தவர் கையெடுப்பது, அத்தையின் குட்டு, உள்பக்கம், வெளிப்பக்கம் எல்லாம் சொன்னேன். "இவங்க ரெண்டு பேரோட உறவு நீடிக்கணும்னுதான் என் பக்கமா மடிச்சேன். வெளிப்பக்கம் மடிச்சிருந்தா அபசகுனம்."

ஆத்தே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு லேசாகத் துடித்தது. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், படகு ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். ஓட்டுபவர் திரும்பிப் பார்த்தார். "உறவு நீடிக்கட்டும்னு என் பேன்ட்டை நாசம் பண்ணின மொத ஆள் நீதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜாயும் சிரித்தாள், இந்த முறையும் கண்ணீரோடு.

அக்கரையில் இறங்கி டீ குடித்தோம். (உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இக்கரை டீயைவிட நன்றாக இருந்தது.) டீயைக் குடித்து முடித்ததும் ஆத்தே தெஸ் கோப்பையை வைத்துவிட்டு ரோடெல்லைப் பார்த்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க போறோம்?"

அவ்வளவுதான் கேட்டார். ஜாய் ரோடெல்லின் கையைப் பிடித்த பிடியில்தான், சம்மதம் கிடைத்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது.

கல்யாணம் அவர்கள் ஊரில் நடந்தது. திரும்பி வந்ததும் துபாயின் தேய்ராவில் அவர்கள் பிடித்த சின்ன ஃபிளாட்டில் விருந்து. அசையாத மேசை, அதே ஒரே இலை. நான் நிற்க வேண்டிய இடத்தில், இலையின் இரண்டு ஓரத்திலும் பெரிய பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். எதற்கு என்றேன். "பாரத்துக்கு" என்றார் ஆத்தே தெஸ். அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்த விருந்தானாலும் எனக்கு முன்னால் இரண்டு பாட்டில் உண்டு. ஆத்தே அதற்கப்புறம் விருந்துக்கு வெள்ளை உடுத்துவதில்லை. யாராவது சாப்பாட்டை முடிக்காமல் எழுந்தால், "பால் வந்துட்டானா?" என்று கேட்பது அவர்கள் குடும்ப வழக்கமாகிவிட்டது.

போன வருஷம் எனக்குக் கல்யாணமாகி, செல்வி விசிட் விசாவில் வந்தாள். ரோடெல் வீட்டில் விருந்து. வந்தவுடனேயே மானம் போக வேண்டாம் என்று பழைய கதையை நான் அவளிடம் சொல்லவில்லை. என் முன்னால் வழக்கம்போல் பாட்டில்கள். பக்கத்தில் நின்ற செல்விக்கு முன்னால் ஒன்றும் இல்லை; அவள் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. நல்ல பிள்ளையாகச் சாப்பிட்டாள். மீனைப் புகழ்ந்தாள். எதிரே ஆத்தே தெஸ் ஏதோ எடுக்க டிஷ்யூவில் கையைத் துடைத்தார். நான் அதைப் பார்த்தேன். செல்வியும் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அடக்க ஒடுக்கமாகக் குனிந்து, எதிர் ஓரத்தைப் பிடித்து, தன்னைப் பார்த்து மடித்துவிட்டாள்.

இந்த முறை டேப் இல்லை, ஒரு இலையோடு போயிற்று. ஆத்தே தெஸ் மீனைக் கையில் ஏந்தியபடி சுவர் வரை பின்னால் போயிருந்தார். அனுபவம்.

"என்னங்க எல்லாரும் இப்படிப் பாக்காங்க?" என்றாள் செல்வி. "உறவு நீடிக்கணும்னா நம்ம பக்கந்தான மடிக்கணும்?"

"என்ன சொல்றா?" என்று ஆத்தே கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன்.

அவர் மீனைத் திரும்ப இலையில் வைத்தார், செல்வியின் கன்னத்தை ஒருமுறை தட்டினார், சமையலறைக்குப் போனார். குழாயில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. இப்போதெல்லாம் எங்கள் பக்கம் நாலு பாட்டில்.